ஒரு செம்பு தீர்த்தம்

பாகீரதிக்கு வலது தோளில் ஆபரேஷன் என்றதும் கரமனையில் அவர்கள் தெரு முழுக்க ஸ்கூட்டரைத்தான் திட்டியது. ஐம்பத்தெட்டு வயசில் பொம்மனாட்டிக்கு ஸ்கூட்டர் எதற்கு, அதனால்தான் இந்தக் கதி என்று எல்லோரும் சொன்னார்கள். அதைச் சொல்லத் தொடங்கியவர் அவள் கணவர் நாகேஸ்வரன். அவள் அந்த வண்டியிலிருந்து ஒரு நாளும் விழுந்ததில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் பழி போட ஒரு இடம் வேண்டுமே. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். அந்த வீட்டில் இளைத்தது ஸ்கூட்டர்.

டாக்டர் வேறு மாதிரி சொன்னார். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் காட்டி, இது ஒரே நாளில் அறுந்ததில்லை என்றார். கிணற்றுக் கயிறு உரசி உரசி நூல் நூலாகப் பிரிகிற மாதிரி, தோள் எலும்பை மேலிருந்து பிடித்துக்கொண்டிருக்கும் தசைநார் வருஷக்கணக்கில் தேய்ந்து, இப்போது பிய்ந்து விலகி நிற்கிறதாம். அம்மாவுக்கு வேலை என்ன என்று கேட்டார். பாகீரதி வாயைத் திறப்பதற்குள் நாகேஸ்வரன் முந்திக்கொண்டார்.

"ஒண்ணும் இல்லை டாக்டர். ஆத்திலே சும்மாதான் இருக்கா."

சும்மா இருந்தது எப்படி என்றும் சொல்லிவிட வேண்டும். அவளுடைய மாமியார் கடைசி மூச்சு வரைக்கும் மடி பார்த்தவள். குழாய்த் தண்ணீர் மடிக்கு ஆகாது. குளிக்க, சமைக்க, பூஜைக்கு, குடிக்க என்று எல்லாவற்றுக்கும் கொல்லைக் கிணற்றிலிருந்து கையால் இறைத்த தண்ணீர்தான் வேண்டும். மோட்டார் வைக்கலாம் என்று ஒரு தடவை பேச்சு வந்தது. மாமியார் இரண்டு வேளை சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள், பேச்சு நின்றது. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து மாமியார் கண்ணை மூடிய வருஷம் வரை பாகீரதி இறைத்துக்கொண்டே இருந்தாள். டாக்டர் கயிறு என்றது ஒரு பேச்சுக்கு. அவளுக்கோ அந்தக் கயிற்றின் சொரசொரப்பே உள்ளங்கையில் தெரிந்தது.

ஸ்கூட்டர் வந்தது அதற்கெல்லாம் பிறகு. பிள்ளை மஹேஷ் பெங்களூருக்கு வேலைக்குப் போய், மாமியாரும் போய்ச் சேர்ந்த பிறகு, அவளாகவே ஒரு டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்து லைசென்ஸ் வாங்கினாள். காலையில் அடுப்படி வேலை முடிந்ததும் வண்டியை எடுப்பாள். கடைக்குப் போவதாகத்தான் வீட்டில் கணக்கு. கடைக்கும் போவாள், ஆனால் அதற்கு முன்னால் சங்குமுகம் போய்விடுவாள். கடலைப் பார்த்துக்கொண்டு நின்று, அங்கே ஒரு பெட்டிக்கடையில் ஒரு டீ வாங்கிக் குடிப்பாள். கடை டீ! மாமியார் இருந்திருந்தால் தலை முழுகச் சொல்லியிருப்பாள். அந்த டீயும் அந்தக் கால் மணி நேரமும்தான் அவளுடையவை. மற்றதெல்லாம் வீட்டாருடையது.

அதனால் டாக்டரிடம் அவள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "மறுபடி ஸ்கூட்டர் ஓட்ட முடியுமா?"

முடியும் என்றார் டாக்டர். துளை போட்டு உள்ளே போய், எலும்பில் சின்ன ஆணி மாதிரி ஒன்றை இறக்கி, அதிலிருக்கிற நூலால் பிய்ந்த தசைநாரை இழுத்துக் கட்டிவிடலாம். எலும்பும் நாரும் ஒட்டிக்கொண்டால் ஆறு மாசத்தில் வண்டியை எடுக்கலாம். ஒட்டுகிற வரைக்கும், முதல் ஆறு வாரம், கையைத் தானாகத் தூக்கவே கூடாது. ஒரு டம்ளர் கூட எடுக்கக் கூடாது. கைக்குப் போடுகிற உறையைக் கழற்றக் கூடாது. நாகேஸ்வரன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஏஜீஸ் ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் மேலதிகாரிகளுக்கு ஆட்டிப் பழகிய தலை, தங்குதடை இல்லாமல் ஆடியது.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. அதற்கப்புறம் வந்த வாரங்கள்தான் நரகம். கையை உடம்போடு சேர்த்துப் பிடிக்கும் உறை, அதற்கும் இடுப்புக்கும் நடுவில் ஸ்பாஞ்சுத் தலையணை, அதன் மேல் ஒட்டுப்பட்டிகள். படுக்க முடியாது, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியேதான் தூக்கம். தலை வார, ரவிக்கை மாட்ட, எல்லாவற்றுக்கும் இன்னொருவர் கை. சமையலுக்கு ஒரு மாமி வந்துபோனாள். வலி வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு சங்குமுகத்தை நினைத்துக்கொள்வாள். வாசலில் ஸ்கூட்டர் பச்சைத் துணி போர்த்திக்கொண்டு நின்றது.

கைக்குப் பயிற்சி கொடுக்க ரெம்யா வீட்டுக்கே வந்தாள். பாறசாலைப் பக்கத்துப் பெண், பிசியோதெரபி படித்தவள், மருந்துக்குக்கூட சிரிக்க மாட்டாள். பாகீரதியின் முழங்கையைத் தன் உள்ளங்கையில் தாங்கி மெதுவாக உயர்த்துவாள்.

"நீங்க தூக்காண்டாம் அம்மா. நான் தூக்கித் தாறேன், நீங்க சும்மா விட்டுக்கிடணும். இந்தக் கை உங்க கையில்லன்னு நெனச்சுக்கிடுங்க, கேட்டியளா."

"அது ஒண்ணும் புதுசில்லையேம்மா," என்றாள் பாகீரதி.

நாலாவது வாரம் ரெம்யா கையை உயர்த்தியபோது வலி பாதியாகக் குறைந்திருந்தது. ரெம்யா அன்று சிரித்தாள். "பிடிச்சிட்டு வருது அம்மா. இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க, அது போதும்." அன்று சாயங்காலம் பாகீரதி வாசலுக்குப் போய், இடது கையால் பச்சைத் துணியை விலக்கி, ஸ்கூட்டரின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வந்தாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்த வாரம்தான் மாமியாரின் திதி வந்தது. கர்க்கடக மாசம், அதாவது ஆடி, விடாத மழை. நாகேஸ்வரனின் அக்கா கோமதியம்மாள் ஸ்ரீவராகத்திலிருந்து முன்னாடியே வந்து இறங்கிவிட்டாள். தன் தாயாரின் சிரார்த்தத்துக்கு அவள்தான் வருஷா வருஷம் மேற்பார்வை. சமையலுக்கு ஆள் இருக்கிறது, பரிமாறவும் ஆள் இருக்கிறது. பாகீரதி செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான் என்றாள். சிரார்த்தத்துக்கு வரும் பிராமணர்களின் காலை நாகேஸ்வரன் அலம்பும்போது, பக்கத்தில் நின்று அவள் ஜலம் விட வேண்டும். வலது கையால்.

"கையைத் தூக்கப்படாதுன்னு இருக்கே அக்கா," என்றாள் பாகீரதி.

"ஒரு செம்பு ஜலம்டீ. குடமா சுமக்கச் சொன்னேன்? அரைச் செம்பு எடுத்தா போறும். ஒரு நிமிஷத்து ஜோலி."

"இந்த உறையோட எப்படி நிக்கறது?"

"உறையோடயா! வேர்வையும் விழுப்புமா, மடியில்லாம ஒரு மாசமா உடம்பிலே கிடக்கறது. அதோட சிரார்த்தத்திலே நிப்பயா? நன்னாருக்கு. நனைச்சு உணத்தலாம்னா இந்த மழைக்கு ஸ்பாஞ்சு உணங்குமோ? கொஞ்ச நேரம் அவிழ்த்து வெச்சுட்டு, ஆனதும் மாட்டிக்கோ."

பாகீரதி கணவரைப் பார்த்தாள். அவர் பேப்பரைப் பார்த்தார்.

"வாத்யாரை ஒரு வார்த்தை கேட்டுடுங்கோளேன்," என்றாள் அவரிடம். "நீங்களே விட்டுக்கலாமோ என்னமோ."

பதில் சொன்னது கோமதியம்மாள். "கேக்கப்படாது. சாம்பசிவன் இந்தக் காலத்து வாத்யார். எதைக் கேட்டாலும் ஆகலாம்னுதான் பறைவர். அதனாலயாக்கும் கேக்கப்படாதுங்கறேன்."

"அதும் செரிதான்," என்றார் நாகேஸ்வரன். "பெத்த அம்மா காரியத்துக்குப் போய் சலுகை கேட்டா அவர் என்ன நினைப்பர்? மானக்கேடு."

இந்த நியாயத்தை இன்னொரு தரம் படித்துப் பாருங்கள். கேட்டால் வழி கிடைத்துவிடும், ஆகவே கேட்கக் கூடாது. வேறு எந்த ஊரில் சொன்னாலும் சிரிப்பார்கள். அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. அக்காவும் தம்பியும் மிகவும் யோக்கியமான முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். கெட்டவர்கள் என்று சொல்ல முடியாது. கெட்டவர்களாக இருந்திருந்தால் பாகீரதி எதிர்த்து நின்றிருப்பாளோ என்னவோ. அவள் "செரி" என்றாள். அந்த வார்த்தையும் இறைத்து இறைத்துப் பழகியதுதான், கூப்பிட்டால் வந்துவிடும்.

திதியன்று காலையில் கோமதியம்மாளே அவளுக்கு ஒன்பது கெஜம் கட்டிவிட்டாள். உறையை அவிழ்த்துக் கட்டில் கம்பியில் மாட்டினாள். நாலு வாரம் கட்டுண்டு கிடந்த கை விடுபட்டதும், எங்கே போவது என்று தெரியாத மாதிரி பக்கத்தில் தொங்கியது. சேலைத் தலைப்பு வலது தோளில் வந்து விழுந்தது, துளை போட்ட தழும்புகளின் மேலேயே. சமையல் மாமி அரைச் செம்பு தண்ணீர் எடுத்து வைத்திருந்தாள். கோமதியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"அரையும் குறையுமா வெக்காதீங்கோ மாமி, தீர்த்தம் குறையப்படாது," என்று சொல்லி அதைக் கழுத்து வரை நிரப்பினாள். அரைச் செம்பு போதும் என்றது அவளேதான். அது இரண்டு நாளைக்கு முந்தின பேச்சு.

முதல் பிராமணருக்கு எப்படியோ விட்டுவிட்டாள். தோளுக்குள்ளே தீப்பிடித்த மாதிரி இருந்தது. சாம்பசிவ வாத்தியார் மந்திரத்தைச் சொல்லிக்கொண்டே போனார். நாகேஸ்வரன் குனிந்து காலை அலம்பினார். அவர் தலை நிமிரவேயில்லை. இரண்டாமவர் வந்து நின்றார். செம்பு நனைந்து வழுக்கியது. நழுவப் போவதைப் பிடிக்க பாகீரதியின் கை சட்டென்று எழும்பியது. தோளுக்குள் ஏதோ ஒன்று 'டப்' என்றது. வெளியில் யாருக்கும் கேட்டிருக்காது. அவளுக்கு அந்தச் சத்தம் கால் வரைக்கும் இறங்கியது. செம்பு விழப் போயிற்று. இடது கையால் பாய்ந்து அதைப் பிடித்து, மிச்சத் தண்ணீரை அந்தக் கையாலேயே விட்டாள்.

"ஐயையோ, இடது கையாலயா!" என்று கோமதியம்மாள் கத்தினாள். "பாகீரதி! அம்மா திதியிலே இடது கையாலே ஜலம் விடறயே!"

எல்லோரும் இடது கையைப் பார்த்தார்கள். வலது கையை ஒருவரும் பார்க்கவில்லை.

சாப்பாடெல்லாம் ஆகி, காக்காய் வந்து பிண்டத்தை எடுத்த பிறகு, அவள் கணவரிடம் சொன்னாள். "ஏன்னா, உள்ளே என்னமோ விட்டுப்போச்சு. கை எழும்பவே மாட்டேங்கறது."

"ஆபரேஷன் ஆன தோளல்லவா, வலி இருக்கத்தான் செய்யும். சாரமில்லை, பயப்படாதே, நாளைக்குச் செரியாயிடும்," என்று அவர் உறையை எடுத்து மாட்டிவிட்டார். ஒட்டுப்பட்டிகளை வெகு ஜாக்கிரதையாக ஒட்டினார். அவ்வளவு அன்பாக அவர் அவளைத் தொட்டு வெகு காலம் ஆகியிருந்தது. அந்த அன்பை நினைக்கும்போதுதான் பிற்பாடு அவளுக்கு வயிறு எரியும்.

ரெம்யா வந்து கையைத் தாங்கியதுமே அவள் முகம் வெளிறிவிட்டது. உயர்த்திவிட்டு, கொஞ்சம் விட்டுப் பார்த்தாள். கை தொப்பென்று விழுந்தது.

"என்ன செஞ்சீங்க அம்மா?"

பாகீரதி சொன்னாள். ரெம்யா அந்தக் கையை மெதுவாக மறுபடி உறைக்குள் வைத்தாள். பிறகு நாகேஸ்வரன் பக்கம் திரும்பினாள். "ஒரு போன் செஞ்சு எங்கிட்ட கேட்டிருக்கக் கூடாதா சார்? அம்மா இவ்வளவு கஷ்டப்பட்டது எல்லாம் போச்சே." அவள் கண் நிறைந்துவிட்டது. அந்த வீட்டில் அந்தத் தோளுக்காக அழுத ஒரே ஆள், சம்பந்தமில்லாத அந்தப் பெண்தான்.

வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில் தாழி உடைந்தது. டாக்டர் மறுபடி ஸ்கேன் எடுத்தார். தையல் போட்ட இடத்தில் நார் அறுத்துக்கொண்டு உள்ளே வெகு தூரம் சுருங்கிப் போயிருந்தது. நைந்த வேஷ்டியில் ஊசி ஏற்றினால் ஊசி போன வழியே கிழியும், மறுபடி தைத்து உபயோகமில்லை என்றார். தோள்மூட்டு முழுவதையும் மாற்றுகிற பெரிய ஆபரேஷன் ஒன்று உண்டு, அதிலும் பழைய கை வந்துவிடும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றார். "யோசிச்சுச் சொல்றோம்," என்றார் நாகேஸ்வரன். இன்றைக்கு வரைக்கும் யோசித்துக்கொண்டிருக்கிறார். ஸ்கூட்டரைப் பற்றி இந்தத் தடவை பாகீரதி கேட்கவில்லை. டாக்டராகவே சொன்னார். இனி வேண்டாம் அம்மா என்று, அவள் முகத்தைப் பார்க்காமல்.

தெருவில் கதை வேறு மாதிரி ஓடியது. ஆபரேஷன் சரியில்லை, இந்தக் காலத்து டாக்டர்களை நம்பக் கூடாது என்று நாகேஸ்வரன் வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். கோமதியம்மாளுக்கு இன்னொரு கதை. தம்பிக்குச் சர்க்கரை ஏறினதும், மஹேஷுக்கு வேலை உயர்வு தள்ளிப்போனதும், எல்லாம் அன்றைக்கு இடது கையால் ஜலம் விட்டதன் பலன். எருதின் நோய் காக்கைக்குத் தெரியுமா? தலைக்கு மேல் கையைத் தூக்க முடியாமல், தானே தன் கூந்தலை முடிந்துகொள்ள முடியாமல், ஒரு பொம்மனாட்டி அந்த வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது வாசலில் ஸ்கூட்டர் இல்லை. பச்சைத் துணி மட்டும் மடித்து வைத்திருந்தது.

"சாம்பசிவ வாத்யாருக்குக் குடுத்துட்டேன்," என்றார் நாகேஸ்வரன். "சும்மா நின்னா துருப்பிடிச்சுப் போகும். அவர் பாவம், பஸ்ஸிலே கிடந்து அலையறார். அம்மா பேரிலே ஒரு தானமாவும் ஆச்சு."

"என்னை ஒரு வார்த்தை கேட்டேளா?"

"உனக்கு இனி என்னத்துக்காக்கும் அது?"

அவர் கேட்டது நிஜமான கேள்வி. அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. பாகீரதி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வருஷம் திரும்பியது. மறுபடி கர்க்கடகம், மறுபடி திதி. சாம்பசிவ வாத்தியார் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். அவளுடைய ஸ்கூட்டரில். கண்ணாடியில் ஒரு சின்ன உத்திராட்ச மாலை தொங்கியது. நல்ல மனுஷர், "வண்டி ராசியான வண்டி மாமி," என்று அவளிடம் சந்தோஷமாகச் சொன்னார். அவரிடம் யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை.

கால் அலம்புகிற நேரம் வந்தது. இந்தத் தடவை வேறு போக்கில்லை, நாகேஸ்வரன் கேட்டார். "இவளுக்கு வலது கை எழும்பாது வாத்யாரே. ஜலம் விட என்ன செய்யறது?"

"அதுக்கென்ன, நீங்களே விட்டுண்டு அலம்புங்கோ. முடியாதவாளுக்கு அப்படித்தான். எத்தனையோ ஆத்திலே நடக்கறதே." வாத்தியார் தர்ப்பையைப் பிரித்துக்கொண்டே சொன்னார். "போன வருஷமே ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். ஆனால் நாகேஸ்வரனின் முகம் மலர்ந்துவிட்டது. செம்பை எடுத்து ஒரு கையால் சாய்த்து, மறு கையால் பிராமணரின் காலை அலம்பினார். சுலபமாகவே வந்தது. ஒரு சொட்டு சிந்தவில்லை. பாகீரதியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"பாத்தயா? எவ்வளவு எளுப்பமா முடிஞ்சுது!"

"ஆமாம்," என்றாள் பாகீரதி. குரல் சத்தமாகத்தான் வந்தது. "எளுப்பம்தான். போன வருஷம் கேட்டிருந்தா போன வருஷமும் எளுப்பமா முடிஞ்சிருக்கும். என் தோளைக் குடுத்துட்டு, இப்போ கேக்கறேள்."

வாத்தியார் மந்திரத்தை நிறுத்தினார். கோமதியம்மாள் பதறிப்போய் அவள் பக்கத்தில் வந்தாள். "சிரார்த்தத்தன்னைக்குக் கோபப்படப்படாதுடீ! பித்ருக்கள் வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிடுவா!"

"போகட்டும்," என்றாள் பாகீரதி.

அந்த வீட்டில் அவள் "செரி" என்று சொல்லாதது அதுதான் முதல் தடவை. அவள் கூடத்தைத் தாண்டி வாசலுக்கு வந்தாள். மழை விட்டிருந்தது. ஸ்கூட்டர் ஸ்டாண்டில் நின்றது, வாத்தியார் சாவியை அதிலேயே விட்டிருந்தார். ஒன்பது கெஜத்தை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் ஏறி உட்கார்ந்தாள். இருக்கை பழகின இருக்கைதான். இடது கையை ஹாண்டிலில் வைத்தாள். வலது கை வரவில்லை. ரெம்யா செய்வதுபோல இடது கையால் அதன் முழங்கையைத் தாங்கி உயர்த்தி, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிடியின் மேல் வைத்து மூடினாள். பிறகு தாங்கின கையை எடுத்தாள்.

வலது கை சரிந்து தொடையில் விழுந்தது. உள்ளே நாகேஸ்வரன் இரண்டாமவர் காலில் தண்ணீர் விடும் சத்தம் கேட்டது. பாகீரதி அந்தக் கையை எடுத்து மறுபடி பிடியின் மேல் வைத்தாள்.